இரண்டாவது கட்டி

கல்லறைத் திருநாளுக்கு இப்போதெல்லாம் யாரும் கல்லறைக்குப் போவதில்லை. வீட்டிலிருக்கும் கண்ணாடித் தொட்டியின் முன்னாலேயே மெழுகுவத்தி ஏற்றிவிடுகிறார்கள். ஜெசிந்தாவும் ஏற்றினாள். இறந்துபோன கணவன் லூர்துவின் உயிரணுக்களைச் சேர்த்து வளர்த்த, பூப்போலிருக்கும் கடற்பிராணியான கடல்சாமந்தி, அவள் விரல் தண்ணீரில் பட்டதும் தன் கைகளையெல்லாம் விரித்தது. அப்போதுதான் அதன் இடுப்போரம் மிளகளவில் ஒரு கட்டியைப் பார்த்தாள்.

லூர்துவுக்கும் இடுப்போரம்தான் முதலில் வந்தது. "வாய்வுக்கட்டியாத்தான் இருக்கும், பாப்போம்" என்று அவன் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டாள். இந்தத் தடவை இருக்கவில்லை. பிளேடை வெந்நீரில் கழுவி, கட்டியைச் சீவியெடுத்து, சமையலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் தண்ணீர் மாற்ற வந்த மிக்கேல் அண்ணன் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா வெட்டுனது?"

"நாந்தாண்ணே. புத்துக்கட்டி. வளர விட்டா பொறவு ஒண்ணும் செய்ய முடியாதுல்லா."

அவர் வாளியைக் கீழே வைத்தார். வருடா வருடம் வேளாங்கண்ணிக்குப் போய்த் தொட்டில் கட்டிவிட்டு வந்தவர்கள் அவளும் லூர்துவும். அது அவருக்கும் தெரியும்.

"புத்து இல்லம்மா. இதுக பிள்ள பெத்துக்கிடுறதே இப்படித்தான். இடுப்புல லேசாப் புடைக்கும். பொறவு தனியாப் பிரிஞ்சு நிக்கும்."

தொட்டியில் கடல்சாமந்தி அவள் பக்கமாக விரிந்து, விரலுக்குக் காத்திருந்தது. ஜெசிந்தா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.