இரண்டு இன்ச் துணி

அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடியில், மாலை வெயில் ஜன்னல் திரையில் வடிந்து அழுக்கு மஞ்சளாக மேசைமேல் கிடக்கிறது. நான்கு மாதக் குழந்தை சிம்ராவின் நெஞ்சை நாளைக் காலை திறக்கப்போகிற டாக்டர் நீரஜா, குறுகிப்போன இதயக்குழாயை அகலப்படுத்த வைத்துத் தைக்கும் ஒட்டின் மாதிரியைக் காட்டுகிறார். வெள்ளையாக, நகத்தளவுத் துண்டு. மயிலாப்பூரில் குழந்தைகளுக்கு உடை தைக்கும், சிம்ராவின் அப்பா ஃபைசான் அதை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கிறான். இழையில் நேர் எது, குறுக்கு எது என்று பிடிபடவில்லை. இழுத்துப் பார்க்கிறான். இம்மியும் நீளவில்லை. அவன் மனைவி வஜீஹாவின் மடியில் குழந்தை நீலம் பாரித்த உதடுகளோடு தூங்குகிறாள். "வளர்ற புள்ளைக்கு உள்ள ரெண்டு இன்ச் மடிச்சு உட்டுத்தான் தைப்போம், டாக்டரம்மா. அப்பால பிரிச்சுக்கலாம். இதுல அப்டி உடுவீங்களா?" டாக்டர் சிரிக்கவில்லை. "முடியாதுப்பா. மடிப்பு இருந்தா ரத்தம் கட்டிக்கும். இது அவளோட சேர்ந்து வளராது. பத்தாம போறப்ப மறுபடி திறக்கணும்." "எத்தினி வாட்டி?" "இப்ப சொல்ல முடியாது." ஏசி இரைகிறது. ஃபைசான் துண்டை மேசைமேல் வைத்து, சுருக்கமே இல்லாத அதை விரலால் நீவிவிடுகிறான். வஜீஹா குழந்தையின் கவுன் விளிம்பைப் புரட்டி, அடுத்த பெருநாளுக்கும் ஆகட்டும் என்று அவன் உள்ளே மடித்துத் தைத்திருக்கும் துணியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.