மடிப்பு பிரிந்த பாவாடை

காய்ச்சலில் போனபோது அஸ்வினிக்கு ஒன்பது வயசு. அப்படிப் போன பெண்பிள்ளையை வீட்டுச்சாமியாக்கி, வருஷம் ஒரு புதுப்பாவாடையை ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அம்மா நாகஜோதி மூன்று வருஷமும் ஒன்பது வயசு அளவுதான் வாங்கினாள். வளர்ந்தால் இறக்கிவிடலாம் என்று, பழைய பழக்கத்தில் அடியில் மடிப்பும் பிடித்துத் தைத்தாள்.

இந்தத் தை மாதம் பெட்டியைத் திறந்தால், போன வருஷப் பாவாடையின் மடிப்பு முழுசும் பிரிந்திருந்தது. விளிம்பில் கரிசல் மண்.

“எலியா இருக்கும் புள்ள,” என்றான் புருஷன் சிவக்குமார். துணியில் ஒரு கடிகூட இல்லை.

பாவாடையை மடியில் போட்டு நாகஜோதி அழுது தீர்த்தாள். பிறகு பஸ் ஏறி ஆரப்பாளையத்துத் துணிக்கடைக்குப் போனாள்.

“பன்னெண்டு வயசுக்குப் பாவாடை குடுங்கண்ணே.”

“புள்ளையக் கூட்டியாந்திருந்தா அளவு பாத்திருக்கலாம்லக்கா?”

“எம்புட்டு வளந்திருக்கான்னு நானே இன்னும் பாக்கலண்ணே.”