பின்னால் நீண்ட கை

கல்யாணமான நாளிலிருந்து சிதம்பரநாதன் மனைவியோடு சேர்ந்து நடந்ததே இல்லை. எப்போதும் பத்தடி முன்னால்தான் போவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இருவரும் தனியாக வந்திருக்கும் முதல் பயணம் இது. "இங்கேயாவது கூட நடங்க," என்று கோமளா விடுதியிலேயே சொல்லியிருந்தாள்.

"நடக்கிறேன்டி, ஓடியா போயிடப்போறேன்?" என்றார்.

ஏரிக்கரைச் சாலைக்கு வந்ததும் அவர் கால்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டன. பேசிக்கொண்டே முன்னால் போனார். "அந்த ஓட்டல்காரன் சட்னின்னு வெச்சான் பாரு, தண்ணியைத் தாளிச்சிருக்கான்!"

கோமளா நின்றுவிட்டாள். தான் இல்லாதது அவருக்கு எப்போது தெரிகிறது, பார்ப்போம்.

அவர் திரும்பவில்லை. தாகம் எடுத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமல், "தண்ணி," என்று வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார். அப்போது அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது யாரோ ஓர் இளம்பெண். அந்தரத்தில் விரிந்து நின்ற கையை அவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை அதில் வைத்தாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, அதேபோலப் பின்னால் நீட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"பரவாயில்லையே கோமளா, இன்னிக்குத்தான் எனக்குச் சரியா நடந்து வர்ற!" என்றார், கரையெல்லாம் கேட்கும்படி.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். மரத்தடியில் நின்ற கோமளாவைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கூப்பிடட்டுமா என்பதுபோல் அவரைக் காட்டிச் சைகை செய்தாள்.

கோமளா உதட்டில் விரல் வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு வந்த வழியே திரும்பி, தன் நடையில் நடக்கத் தொடங்கினாள்.