ஒட்டகச் சவாரி

"மொத தடவையா துபாய் போறோம். ஒட்டகத்துல ஏறாம வாரதா?" என்றார் சூசை.

"பாலைவனத்துல என்னண்ணே இருக்கு? உசரக் கட்டடத்துல நின்னு போட்டோ எடுக்கணும்," என்றான் தம்பி ஆண்டனிராஜ். "டிக்கெட்டுதான் நம்ம ரொனால்டு கம்பெனியே போட்டுருச்சே!"

பச்சைத் தண்ணி பல்லில் படாமல் சுவரோரம் சாய்ந்திருந்த ரொனால்டின் மனைவி ஏஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதுக வாயில கொள்ளிய வைக்க!

"அப்ப ரெண்டையும் பாத்துருவோம். திரும்புறத ரெண்டு நாள் தள்ளிப்போட்டாப் போச்சு," என்றார் சூசை.

ஏஞ்சலின் வாய் திறந்தாள். "அடக்கம் என்னைக்குன்னு பாதர் கேக்குறாரு, அத்தான்."

சூசை போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அங்க ஐஸ்லதானம்மா வச்சிருக்காங்க? ரெண்டு நாள் கூடக் கெடந்தா உம் புருசன் கெட்டா போயிருவான்?"