ரோஸ் கலர் கோர்ட்டு

நீதிபதி ஹால்வர்சன் ரோஸ் கலர் சட்டையும் ரோஸ் கலர் பேன்ட்டும் போட்டுக்கொண்டு கோர்ட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவர்களை அழைத்து வந்த ரோவீனா டீச்சருக்குக் காது வரை சூடேறியது.

சிகாகோவிலிருந்து அவள் இங்கே வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆர்லிஸ் சின்ன ஊர்தான். ஆனால் கவுண்டி என்கிற மாவட்டத்துக்கே தலைநகர். ஊர் நடுவில் கோர்ட்டு, அதன் உச்சியில் நாலு பக்கமும் நாலு நேரம் காட்டும் கடிகாரம். 'உங்க ஊரை நீங்க தெரிஞ்சுக்கணும்' என்று ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தாள். கறுப்பு அங்கி போட்ட நீதிபதியைக் காட்டுவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தாள்.

"டீச்சர், ஜட்ஜுன்னா கறுப்பு டிரெஸ்னு சொன்னீங்க?" என்றான் கிர்பி.

"நீ சும்மா இரு."

கிர்பி சும்மா இருக்கிற ரகம் இல்லை. பக்கத்தில் நின்ற ஓப்பலைச் சீண்டினான்.

"எங்கப்பா கோர்ட்டுல வேலை பாக்குறாருன்னு பீத்திக்கிட்டியே, எங்க காட்டு பாப்போம்! எந்த ரூமு? எல்லாம் புளுகுதானே?"

ஓப்பல் தலையைத் தொங்கப் போட்டாள். வயிறு வலிக்கிறது என்று காலையில் பஸ் ஏற மறுத்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது ரோவீனாதான். 'ஓப்பலோட அப்பாவைப் பாக்கணும்னு பிள்ளைங்க ஆசையா இருக்காங்க' என்று நேற்றே கோர்ட்டு கிளார்க் வெர்னாவிடம் போனில் சொல்லியும் வைத்திருந்தாள். 'நாளைக்கா? எத்தனை மணிக்கு?' என்று வெர்னா ரெண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிள்ளை சொன்னது பொய்யாக இருந்தால் இன்றைக்கு அதன் மானம் போய்விடுமே என்று இப்போது அவளுக்கே பயம் வந்தது.

உள்ளே போனால் வெர்னாவும் ரோஸ். நாலு மடிப்பு மடித்தும் பேன்ட் கால் தரையைப் பெருக்கியது.

"என்னங்க மேடம் இது கோலம்?"

"சலவையில ஒரு சிவப்புத் துணி சேந்துடுச்சு டீச்சர். எல்லாத்துலயும் சாயம் ஏறிடுச்சு."

"எல்லாரும் ஒரே மெஷின்லயா துவைக்கிறீங்க?"

"சின்ன ஊரும்மா," என்றாள் வெர்னா.

அதே கட்டடத்தில் இருந்த வரி ஆபீசிலும் அத்தனை பேரும் ரோஸ். அங்கே இருந்த வழுக்கைத் தலைக்காரர் வேறு கதை சொன்னார்.

"இது பன்றி வளர்க்கிறவங்க வாரம். ரோஸ் கலர் பன்றிக்கு மரியாதை பண்றோம்."

"சலவைன்னு சொன்னாங்களே?"

"அதுவும்தான்."

கவுண்டி போலீசுக்குத் தலைவரான ஷெரிஃப் மலை மாதிரி இருந்தார். அவருடைய ரோஸ் சட்டையில் ஒரு பொத்தான்கூட மாட்டவில்லை. அதன்மேல் நட்சத்திர பேட்ஜ் குத்தி, இடுப்பில் துப்பாக்கியும் வைத்திருந்தார்.

"எனக்கு டாக்டர் சொன்னது. ரோஸ் கலர் கண்ணுக்குக் குளிர்ச்சியாம்," என்றார், டீச்சர் கேட்பதற்கு முன்பே.

"நான் பெரியவனானதும் இந்த டிரெஸ்தான் போடுவேன்!" என்று குதித்தான் கிர்பி.

ஷெரிஃபுக்குக் காபி புரையேறியது.

"வேணாம்டா கண்ணா! கறுப்பு போடு, நீலம் போடு. இது மட்டும் வேணாம்."

ரோவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டணத்துக்காரி வந்திருக்கிறாள் என்று ஊரே சேர்ந்துகொண்டு கேலி பண்ணுகிறது! பிள்ளைகளுக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் வெளியே நடத்தினாள்.

புல்வெளியில் நீதிபதியோடு இன்னொருவரும் நின்றிருந்தார். வெட்டிய புல்லை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். அவரும் ரோஸ்தான். ஆனால் அவருக்கு மட்டும் உடை அளவாக இருந்தது.

"அப்பா!"

ஓப்பல் ஓடினாள். அவர் புல் வாரும் கம்பைப் போட்டுவிட்டு மகளை அள்ளித் தூக்கினார். வெகுநேரம் கீழே இறக்கவே இல்லை.

கிர்பி விடுவானா?

"ஜட்ஜ் சார், ஓப்பலோட அப்பா நெசமாவே இங்கதான் வேலை பாக்குறாரா?"

"என்னப்பா கேள்வி இது?" நீதிபதி நெற்றி வேர்வையை வழித்தார். "எனக்குப் புல் வெட்டச் சொல்லிக் குடுக்கிறதே இதோ, இந்த ரஸ் தான். இன்னும் கோணல் மாணலாத்தான் வருது, பாரு. இவரு இல்லாட்டி என் கதை கந்தல்."

கிர்பி அந்தக் கோணல் மாணலைப் பார்த்தான். ஓப்பலைப் பார்த்தான்.

"உங்கப்பா ஜட்ஜுக்கே வாத்தியாரா! சொல்லவே இல்ல?"

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவனே அவளுக்கு விட்டுக்கொடுத்தான். தான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஓப்பல் வாய்விட்டுச் சிரித்து ரோவீனா பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளைகளை டிரைவர் பொறுப்பில் விட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். 'சட்டத்து மேல மரியாதை வரணும்னு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா, கோமாளிக் கூத்தா நடத்துறீங்க?' என்று நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் எல்லாரும் ரோஸ் உடையை அவசரமாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி கறுப்பு அங்கிக்குள் தலையை நுழைத்தார். வெர்னா, "அப்பாடா, மூச்சு விட முடியுது," என்றாள்.

ரஸ் மட்டும் கழற்றவில்லை. ஷெரிஃப் அவர் தோளில் கை போட்டு, பின்கட்டில் ரோஸ் உடை போட்ட கைதிகள் இருந்த ஜெயிலுக்கு அழைத்துப்போய், உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.