செபஸ்தி அண்ணாச்சியின் பச்சை

கூட்டாளியை நம்புகிறவரின் தலைக்கவசத்தில் பச்சை எரியும், நம்பாதவருடையதில் சிவப்பு. இருவருக்கும் பச்சை வந்தால்தான் மின்கம்பத்தில் ஏறலாம்.

போன வருஷம், பேச்சிமுத்து மேலே இருக்கும்போதே செபஸ்தி அண்ணாச்சி தவறுதலாக லைனில் கரண்டைப் போட்டுவிட்டார். அவன் இடதுகை வெந்துபோனது. குணமானதும் அவரோடுதான் வேலை செய்வேன் என்று அடம்பிடித்து வந்திருந்தான்.

“அதெல்லாம் எப்பமோ மறந்தாச்சு அண்ணாச்சி” என்றபடி கவசத்தை மாட்டினான். சிவப்பு எரிந்தது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். சிவப்புதான்.

“வெளக்குல ஏதோ கோளாறு, அண்ணாச்சி.”

“இருக்கும்டே. நீ வேற ஆள வச்சு ஏறு.”

அவர் சாலையில் இறங்கி நடந்தார். கவசத்தைக் கழற்ற மறந்திருந்தார். வளைவில் மறையும்வரை அதில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.