தவுனோ துடைத்த படம்

"கலை என்பது சேர்ப்பதல்ல, நீக்குவது." பின்லாந்தின் குசாமோ ஊர்ப் புகைப்படக் கழகத்தில் தவுனோ அருளிய வாக்கு இது. போன வருடம், லென்ஸில் தூசி என்று சொல்லி நடுவர் அவர் படத்தைத் தள்ளிய பிறகு பிறந்த ஞானம்.

"மூணு வாரமா கம்ப்யூட்டர்ல எதைத் தேய்ச்சுக்கிட்டிருக்கே?" என்றாள் மனைவி இர்யா.

"ஏரிக்கரை சவுனாக் குளியல் குடிசையை எடுத்தேன்ல, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆயிரத்து நானூறு. ஒவ்வொண்ணா எடுத்துட்டேன். இந்தத் தடவை அந்த ஆளு வாயத் திறக்கட்டும், பாக்கறேன்."

கழகத்தின் போட்டிக் கண்காட்சியன்று அதே நடுவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தூசியே இல்லையே, தவுனோ."

"இருக்காது" என்றார் தவுனோ, தாடியைத் தடவிக்கொண்டே.

"எடுத்தப்போ வானம் எப்படி இருந்துச்சு?"

"பனி கொட்டு கொட்டுன்னு..."

தவுனோ தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

போட்டியின் தலைப்பு, 'விழும் பனி'. அவர் படத்தில் எதுவுமே விழவில்லை.